டிக்கி கதவு பாதியில் நின்று திரும்பிப் போகிறது – உதவி தேவை

திருமங்கலம்: பட்டனில் திறந்து மூடும் டிக்கி கதவு, எஸ்யூவி வண்டி. பேட்டரி மாற்றியதிலிருந்து முக்கால்வாசிதான் திறக்கிறது. மூடும்போதும் பாதி வழியில் பீப் அடித்து மேலே போய்விடுகிறது. இரண்டு பக்க மோட்டாரையும் மாற்றணும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மோட்டார்தானா அண்ணே?

தெப்பக்குளம்: அவசரப்பட்டு மோட்டார் வாங்காதீங்க தம்பி. கதவின் இரு பக்கமும் இருக்கும் குழாய்க்குள் மோட்டார், கியர், திருகுத் தண்டு, ஸ்பிரிங் எல்லாம் ஒன்றாக இருக்கும். மோட்டாரில் உள்ள ஹால் சென்சார் சுற்றை எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கதவு எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அந்தக் கணக்கு அழிந்துபோகும். முதலில் கதவைக் கையால் இறக்கி, லாட்ச் (பூட்டுக் கொக்கி) முழுதாக விழும்வரை அழுத்தி மூடுங்க. பிறகு பட்டனில் முழுசாகத் திறக்க விடுங்க, அப்படியே மூடவும் விடுங்க. நடுவில் கை வைக்கக் கூடாது. முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டையும் ஒருமுறை பாருங்க. திறக்கும் உயரத்தை யாராவது குறைத்து வைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். நிறைய வண்டிகளில் வேண்டிய உயரத்தில் நிறுத்தி, கதவிலுள்ள பட்டனைப் பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் அது பதிவாகும்.

திருமங்கலம்: செய்தேன் அண்ணே, இப்போது முழுசாகத் திறக்கிறது. மூடும்போதுதான் திரும்பிப் போகிறது, எப்பவும் ஒரே இடத்தில்.

கே.கே.நகர்: அந்த "ஒரே இடம்" முக்கியம். மோட்டார் தேய்ந்திருந்தால் வேகம் குறையும், இழுத்து இழுத்து வரும், நிற்கும் இடமும் மாறும். கடைசியில் லாட்ச் தொட்ட பிறகு திரும்பினால் லாட்சில் தூசி என்று சொல்லலாம், மேலூர் பக்கம் கிரானைட் தூசியில் ஓடும் வண்டிகளில் அதைக் கட்டாயம் பார்க்கணும். உங்களுக்குப் பாதியில் நடக்கிறது. கூரைக்கும் கதவுக்கும் நடுவே வயர் போகும் ரப்பர் குழாயைப் பாருங்க. திறந்து மூடி மடங்கியே உள்ளே செம்பு இழை அறும், மேல்தோல் மட்டும் நல்லா இருக்கும். கதவின் இரு ஓரத்திலும் விரல் நசுங்காமல் காக்கும் ரப்பர் பட்டை இருக்கே, அதன் வயரும் இதற்குள்தான் வரும். அது அறுந்தால் தடை இருக்கிறது என்று யூனிட் நினைத்துத் திரும்பி ஏறும்.

சோதனை இப்படி: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. கூரை லைனிங்கை இறக்கி, ரப்பர் குழாய்க்கு இந்தப்பக்கம் வண்டிக்குள் இருக்கும் சாக்கெட்டைப் பிரித்து, கதவுக்குப் போகும் பக்கத்தில் பட்டை வயரை மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) நிலையில் பிடிங்க. ஒருவர் கதவை மெல்ல இறக்கட்டும். மதிப்பு அசையாமல் இருக்கணும். பட்டையை அழுத்தினால் குறையணும். ஒரு கோணத்தில் மட்டும் மீட்டர் திறந்த சுற்று (இணைப்பே இல்லை) என்று காட்டினால் வயர் அங்கேதான் அறுந்திருக்கு. இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்க.

திருமங்கலம்: இடது பக்கம் பாதி இறங்கியதும் மீட்டர் விட்டுப் போகிறது அண்ணே! வலது அசையவில்லை.

கே.கே.நகர்: சரி, மோட்டார் வேண்டாம். அதே தடிமனில் மெல்லிழை சிலிக்கோன் உறை வயர் வாங்குங்க. இணைப்பு மடங்கும் இடத்தில் வரவே கூடாது, ஒன்று கூரைக்குள், இன்னொன்று கதவுக்குள் வரட்டும். ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்க. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் நம்ம ஊர் வெயிலில் பசை உருகி வழிந்துவிடும். பக்கத்து வயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்க.

தெப்பக்குளம்: வேலை செய்யும்போது கதவுக்குக் கழி முட்டுக் கொடுங்க. மோட்டார் இருக்கும் குழாயை யாரும் பிரிக்க விடாதீங்க, ஸ்பிரிங் பாய்ந்தால் ஆபத்து. முடிந்ததும் மறுபடி கையால் மூடிக் கணக்கைப் பதியுங்க. பிறகு சுருட்டிய துண்டை இடது ஓரத்தில் வைத்து மூடுங்க, வலதிலும் அதே மாதிரி. இரண்டிலும் உடனே திரும்பணும்.