வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

ரோசாத்தோட்டம் (ஹட்டன்):

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு, 12 பேர்ச் காணி. 2001இல் அத்திவாரம் போட்டு, கையில் காசு சேரச் சேர ஒவ்வோர் அறையாகக் கட்டியது. மகனுக்கு வத்தளையில் வேலை, பேரப்பிள்ளையும் பிறந்தாயிற்று, எங்களுக்கும் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 40 படி ஏறி இறங்க முடியவில்லை. அதனால் விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கலாம் என்று முடிவெடுத்தோம். வாங்குகிறவர்கள் தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியர் குடும்பம், நல்ல மனுசர்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டோம், விற்பனை உறுதிப் பத்திரம் எழுத இன்னும் 5 கிழமை இருக்கிறது.

இப்போது வீட்டுக்குள் தினமும் ஒரே பேச்சு. இவர், என் கணவர், சொல்கிறார், குளியலறைக் கீசர், பென்ட்ரி கபட், மேலே உள்ள 1000 லீற்றர் தண்ணீர் டேங்க், ஜன்னல் திரைக் கம்பி எல்லாம் எங்கள் காசில் வாங்கியவை, கழற்றிக்கொண்டு போகலாம் என்று. எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று முற்றத்து ரோசாச் செடிகள். 20 வருசமாக நானே நட்டு வளர்த்தவை. இன்னொன்று அம்மாவின் அம்மி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று வந்தபோது லயத்து வீட்டிலிருந்து அம்மா கூடவே கொண்டுவந்தது. நடுவில் கை வைத்தால் குழி தெரியும், அந்த அளவுக்கு அரைத்திருக்கிறார். பிரச்சினை என்னவென்றால், பின்கட்டு அடுப்படி மேடை கட்டியபோது அந்த அம்மியை மேசன் பாஸ் சீமெந்து போட்டுப் பதித்துவிட்டார். வாங்குகிறவர்கள் வந்து பார்த்தபோது அந்தப் பெண்பிள்ளை அம்மியைத் தொட்டுப் பார்த்து "இது இருக்கிறது நல்லது" என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

சட்டப்படி எது எங்களுடையது, எது வீட்டோடு போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிமடைக்காரன்:

அக்கா, நான் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். 3 வருசத்துக்கு முன் இந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். பார்க்கப் போனபோது குழாயைத் திறந்தால் தண்ணீர் சும்மா பாய்ந்து வந்தது, அதைப் பார்த்துத்தான் விலையே பேசினேன். உறுதி முடிந்து சாவி கையில் கிடைத்த அன்று சாயங்காலம் பிள்ளைகளோடு போய்க் குழாயைத் திறந்தால் சொட்டு இல்லை. மறுநாள் மேலே ஏறிப் பார்த்தேன். மலையில் ஊற்று இருக்கும் இடத்திலிருந்து வீடு வரை ஓடிய கறுப்பு ஓஸ் பைப்பை முழுசாகச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். ஊற்றுக்குழியில் வடிகட்டிக்குக் கட்டியிருந்த துணி மட்டும் கிடந்தது. கேட்டால் "பைப் நான் வாங்கியது தம்பி, தண்ணீர் மலையோடது, அதை நான் எடுக்கவில்லையே" என்கிறார்.

அது மட்டுமில்லை. பல்ப் ஒன்றும் இல்லை, சில இடத்தில் ஹோல்டரையும் வெட்டி எடுத்து வயர் தொங்குகிறது. இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினோம். ஏற்கனவே வங்கிக் கடன், நொத்தாரிஸ் காசு, முத்திரை வரி என்று கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிற நாள் அது. முத்திரை வரி மட்டும் முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 1 கோடி 20 லட்சத்துக்கு வீடு வாங்கினால் அதுவே 4 லட்சத்து 79 ஆயிரம் ஆகிறது. அப்படிக் கட்டிவிட்டு வந்த மனுசன் பல்ப் வாங்கக் கடை தேடி ஓடுவது எவ்வளவு வேதனை என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், டேங்கில் கை வைக்க வேண்டாம். தண்ணீரும் வெளிச்சமும் இருக்கிற வீடு என்று பார்த்துத்தான் அவர்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

உறுதிப்பேப்பர்:

நான் நொத்தாரிஸ் அலுவலகத்தில் எழுத்து வேலை செய்கிறேன், பல வருச அனுபவம். சட்ட ஆலோசனை உங்கள் நொத்தாரிஸ்தான் தர வேண்டும், ஆனால் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இலங்கையில் காணி விசயத்தில் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். நிலத்தோடு நிரந்தரமாகச் சேர்ந்தது நிலத்துக்குச் சொந்தம். சேர்ந்ததா இல்லையா என்று பார்க்கும்போது மூன்று விசயம் பார்க்கிறார்கள்: பொருள் எப்படிப்பட்டது, எப்படிப் பொருத்தியிருக்கிறது, பொருத்தியவர் அது அங்கேயே இருக்கட்டும் என்ற எண்ணத்தில் பொருத்தினாரா. யார் காசு கொடுத்து வாங்கினார் என்பது இங்கே பேச்சே இல்லை. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஜன்னலும் கதவும்கூட அவர் காசுதானே.

உறுதியில் காணியின் எல்லைகளை எழுதிய பிறகு, அதிலுள்ள கட்டடம், மரங்கள், பயிர்கள், அதன்மேல் உள்ள யாவும் சேர்த்து என்று ஒரு வரி வழக்கமாக வரும். அந்த வரியை உங்கள் பிரதியில் தேடிப் பாருங்கள். அது இருந்தால் மண்ணில் வேர் விட்டிருக்கும் ரோசாவும் காணியோடு போய்விட்டது. சட்டியில் இருப்பது உங்களுடையது. சீமெந்தில் பதித்த அம்மியும் அதே நிலைதான், அக்கா. மனசுக்குக் கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது. பென்ட்ரியும் சுவரில் பொருத்திய கீசரும் அப்படித்தான் பார்க்கப்படும். கட்டில், மேசை, ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், தொங்குகிற திரைத்துணி உங்களுடையவை. திரைக் கம்பிக்குத்தான் சண்டை வரும். சுவரில் துளை போட்டு இறுக்கியது என்று ஒருவர் சொல்வார், இரண்டு ஆணிதானே என்று மற்றவர் சொல்வார்.

ஆனால் இதெல்லாம் இரு பக்கமும் ஒன்றும் பேசாமல் இருந்தால்தான். பேசி எழுதினால் அம்மியென்ன, கூரைத் தகரத்தையே கழற்றலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும், எழுத்தில், நொத்தாரிஸ் முன்னால், இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது. உங்கள் அட்வான்ஸ் எப்படி வாங்கினீர்கள்? வெறும் கடுதாசியில் ஒரு ரிசீட்டா, நொத்தாரிஸ் ஒப்பந்தமா? எதுவாக இருந்தாலும் உறுதிக்கு முன் இன்னொரு தாளில் எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு உங்கள் நொத்தாரிஸிடம் கொடுங்கள். போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விட்டுவிட்டுப் போக வேண்டிய பேப்பர்களையும் மறக்க வேண்டாம். நில அளவைப் படம், கட்டட அனுமதி, சோலைவரி ரிசீட், கரண்ட் பில், தண்ணீர் பில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருந்தால் அதுவும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த மண்சரிவு அறிக்கை இல்லாமல் அவர்கள் நாளை ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தாலும் அலைய வேண்டியிருக்கும்.

ரோசாத்தோட்டம் (ஹட்டன்):

நன்றி தம்பி, அட்வான்ஸ் நொத்தாரிஸ் முன்னால்தான் எழுதினோம், ஆனால் அதில் அம்மி, கீசர் என்று எதுவும் இல்லை. இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஜன்னல் கதவு என்ற இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்.

லொறி டிக்கோயா:

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவதுதான் என் தொழில், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாகக் கொழும்புப் பக்கம் மாதம் நாலைந்து தடவை போகிறேன். பென்ட்ரியைக் கழற்ற வேண்டாம் அண்ணே. சிப்போர்ட் பலகை ஒருமுறை சுவரில் இறுகிவிட்டால் கழற்றும்போது ஆணி இருந்த இடம் தூளாகக் கொட்டும். அந்த வளைவுகளில் ஆடி ஆடி அவிசாவளை தாண்டும்போது பாதிக் கதவு சரிந்திருக்கும். வத்தளை சமையலறை அளவுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. கீசரும் அப்படித்தான். இங்கே விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பிக் குளிப்பாட்ட அது இல்லாமல் முடியாது, அங்கே வத்தளையில் குழாயில் வருகிற தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும்.

அம்மியை எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். லொறியின் அடியில், கேபின் பக்கம், சாக்கு விரித்து வைக்க வேண்டும், மேலே எதுவும் ஏற்றக்கூடாது. குழவியைத் தனியாகச் சுற்றுங்கள், அதுதான் உருண்டு உடையும். மே மாதம் என்றால் தறப்பாள் கட்டாயம்.

ஒன்று சொல்லட்டுமா, நிறையப் பேர் எடுப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள், விடக்கூடாததை விட்டுவிட்டு வருகிறார்கள். உடைந்த கதிரை, பழைய பேட்டரி, பாதி தீர்ந்த பூச்சிமருந்துப் போத்தல், கொட்டிலில் கிழிந்த மெத்தை. வாங்கியவர்கள் என்னையே திரும்பக் கூப்பிட்டு அதை அள்ளிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பூச்சிமருந்தை மட்டும் விடவே விடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு.

பூக்காரி நுவரெலியா:

அக்கா, ரோசாவைத் தோண்ட வேண்டாம். 20 வருசச் செடியின் வேரை வெட்டி எடுத்தால் வத்தளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வாடிவிடும். பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனில், 6 அல்லது 8 அங்குலத்துக்கு, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி, மணலும் மக்கிய உரமும் கலந்த பையில் நடுங்கள். நேர் வெயில் படாமல், மழை அடிக்காத தாழ்வாரத்தில் வையுங்கள். 5 கிழமை என்றால் வேர் பிடிக்கச் சரியான நேரம், ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும். ஒரு நிறத்துக்கு ஐந்தாறு வெட்டுங்கள், இரண்டு மூன்றுதான் பிழைக்கும்.

ஹைட்ரேஞ்சியா இருந்தால் அதை ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம். நம் தேயிலை மண்ணின் புளிப்புக்குத்தான் அது நீலமாகப் பூக்கிறது, வத்தளைச் சூட்டில் இலை கருகிவிடும். வரப்போகிற பெண்பிள்ளைக்கு எந்தச் செடியை எப்போது கவாத்து பண்ண வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரோசாத்தோட்டம் (ஹட்டன்):

எல்லாருக்கும் பதில் எழுத ஒரு கிழமை பிந்திவிட்டது, மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டோம். அம்மியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஆனால் அந்தப் பிள்ளை பின்கட்டுக்கு வந்ததும் நேராகச் சொல்லிவிட்டேன், இது என் அம்மாவுடையது, நான் கேட்டு எடுக்க வேண்டியது என்று. அவர் கொஞ்ச நேரம் அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "நீங்கள் சொல்லாமல் எடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் அம்மா, எடுங்கள்" என்றார். பாஸ் வந்து உளியால் சுற்றிக் கொத்தி எடுத்துவிட்டு மேடையைப் பூசித் தருவார், அந்தக் கூலி எங்களுடையது. கீசர், பென்ட்ரி, டேங்க், கம்பிகள், பல்ப்கள் எல்லாம் அவர்களுக்கு. தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

ஊற்றுப் பைப் எங்களுக்கும் இருக்கிறது, அதை எழுத மறந்திருந்தோம், வெலிமடைத் தம்பி சொன்னதால் ஞாபகம் வந்தது. இவர் அவர்களை மேலே கூட்டிப் போய் ஊற்றுக்குழி, வால்வு, மழைக்காலத்தில் இலை அடைக்கிற இடம் எல்லாம் காட்டிவிட்டு வந்தார். இரண்டு பேரும் சேற்றில் வழுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

ரோசா 32 பை நட்டிருக்கிறேன். இன்றைக்குப் பார்த்தேன், மஞ்சளில் இரண்டு கிளையில் சிவப்பாகத் துளிர் தெரிகிறது. துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமா, நுவரெலியாத் தங்கச்சி? இல்லை, இன்னும் பொறுக்க வேண்டுமா?

பூக்காரி நுவரெலியா:

பொறுங்கள் அக்கா. கிளையில் உள்ள சத்தை வைத்தே முதல் துளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான். இழுத்துப் பார்க்காதீர்கள். இன்னும் 3 கிழமை போகட்டும், லொறியில் ஏற்றும் நாளுக்கு முன்தினம் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், பை கனம் குறையும், மண்ணும் உதிராது.