‘நூ தொனெரியோன்’: எத்தனை அசை, அழுத்தம் எங்கே?

கேள்வி:
பிரெஞ்சில் ‘தொனே’ (கொடு) என்னும் வினையின் எதிர்கால வடிவமான ‘நூ தொனெரோன்’ (நாம் கொடுப்போம்) பேச்சில் ‘தொன்-ரோன்’ என இரண்டு அசையாகச் சுருங்குகிறது. நிபந்தனை வடிவமான ‘நூ தொனெரியோன்’ மட்டும் ‘தொ-னெ-ரியோன்’ என மூன்று அசையாகவே நிற்கிறது. இடையிலுள்ள மெல்லிய எகரம் ஓரிடத்தில் மறைவதும் மற்றோரிடத்தில் மறையாதிருப்பதும் ஏன்? இவ்வடிவங்களில் அழுத்தத்தை எந்த அசையில் இட வேண்டும்?

மறுமொழி 1:
எகரத்துக்குப் பின் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘தொனெரோன்’ என்பதில் எகரம் விழுந்தால் னகரமும் ரகரமும் மட்டுமே அடுத்தடுத்து நிற்கும்; முன்னது முதல் அசையை முடிக்க, பின்னது அடுத்த அசையைத் தொடங்கிவிடும். ‘தொனெரியோன்’ என்பதில் ரகரத்தை ஒட்டியே குறுகிய யகர ஒலி வருவதால், எகரத்தை நீக்கினால் ன், ர், ய் என மூன்று ஒலிகள் இடையில் உயிரின்றி நெருங்கிவிடும். பிரெஞ்சு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ‘இரு’ என்னும் வினையிலும் இதே நிலைதான்: ‘நூ செரோன்’ பேச்சில் ‘நூ ஸ்ரோன்’ ஆகும், ‘நூ செரியோன்’ குறையாது. நம் குற்றியலுகரத்தைப் போல, இந்த எகரம் நிற்பதும் போவதும் அடுத்து வரும் ஒலியைப் பொறுத்தது. (இறுதி ‘ன்’ தனி மெய்யன்று, மூக்கின் வழி வரும் உயிரொலியைக் குறிக்க நாம் எழுதுவது.)

மறுமொழி 2:
காப்பாற்ற எகரமே இல்லாத வினைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ‘விரும்பு’ என்பதன் நிபந்தனை வடிவத்தில் தகரமும் ரகரமும் முன்பே இணைந்திருப்பதால், யகரமாகக் குறுக வேண்டிய இகரம் முழு உயிராக விரிந்து ‘வூ-த்ரி-யோன்’ என மூன்று அசையாகிறது.

வரி முடிவில் சொல்லை உடைப்பது வேறு கணக்கு. ‘தொனெரியோன்’ எழுத்தில் இரட்டை னகரம் பெறுவதால், அச்சில் அவ்விரண்டுக்கும் நடுவில் வெட்டுவார்கள். பேச்சிலோ ஒற்றை னகரமே ஒலிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அழுத்தம் குறித்தும் யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 3:
பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்கு உரியதன்று; ஒரே மூச்சில் சொல்லப்படும் சொற்றொடரின் கடைசி அசைக்கு உரியது. ‘நூ தொனெரியோன்’ என்று நிறுத்தினால் ‘ரியோன்’ நீளும். ‘நூ தொனெரியோன் தூ’ (வாய்ப்பிருந்தால் அனைத்தையும் கொடுப்போம்) என்று தொடர்ந்தால், வினை அழுத்தத்தை இழந்து ‘தூ’ அதைப் பெறும். ஆகவே வினையைத் தனியே எழுதி அதன்மேல் நிலையான அழுத்தக்குறி இடுவதில் பயனில்லை. மெல்லிய எகரம் பொதுவாக அழுத்தம் ஏற்காது. ‘தொன்-லெ’ (அதைக் கொடு) போன்ற ஏவலின் இறுதியில் மட்டும் அதுவும் முழுமையாக ஒலித்து அழுத்தம் பெறுகிறது.