ஸ்பிண்டில் டிரைவில் ஒரு ஃபேஸ் மட்டும் குறைவாக வருகிறது: ஐஜிபிடியா, கேட் சர்க்யூட்டா?

கேள்வி

வணக்கம். 2.2 கிலோவாட், 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 24,000 ஆர்பிஎம் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்). அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடுவது. ரன் கொடுத்தால் ஸ்பிண்டில் உறுமி அதிர்கிறதே தவிர சுற்றுவதில்லை. சில நொடிகளில் ஓவர்கரண்ட் டிரிப். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, வி/எஃப் மோடில் (ஃப்ரீக்வென்ஸிக்கு ஏற்ப வோல்டேஜும் ஏறும் முறை) 200 ஹெர்ட்ஸ் வைத்து, லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டரில் யு, வி, டபிள்யூ என்ற மூன்று அவுட்புட்களுக்கு இடையே அளந்தது:

யு–வி: 110 வோல்ட்
வி–டபிள்யூ: 64 வோல்ட்
டபிள்யூ–யு: 63 வோல்ட்

மோட்டாரில் மூன்று ஜோடிகளும் ஒரே ஓம் காட்டுகின்றன. பேஸ் ஃப்ரீக்வென்ஸி 400, மோட்டார் வோல்டேஜ் 220 என்று சரியாகவே உள்ளது. ஐஜிபிடி (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) மாட்யூலையே மாற்ற வேண்டுமா?

பதில் 1

மாட்யூல் வாங்க அவசரப்படாதீர்கள். உங்கள் அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. 400 ஹெர்ட்ஸில் 220 என்றால் 200 ஹெர்ட்ஸில் 110 வர வேண்டும். யு–வி அப்படியே வருகிறது. 110ஐ 1.73ஆல் வகுத்துப் பாருங்கள், 63.6; ஒரு ஃபேஸ் தனியாக ஆடும் அளவு அதுதான். ஆக, டபிள்யூ 'குறைவாக' வரவில்லை, அசையவே இல்லை. டிசி பஸ்ஸின் (டிரைவுக்குள் ஏசியை மாற்றிக் கிடைக்கும் டிசி லைன்) ஏதோ ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பார்க்கும் 64, யுவும் வியும் தனித்தனியே ஆடும் ஆட்டம்தான்.

எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதை டிசி வோல்ட் காட்டிவிடும். மோட்டார் கழற்றியபடியே இருக்கட்டும். இணைத்திருந்தால் மற்ற இரண்டு ஃபேஸும் வைண்டிங் வழியாக டபிள்யூவை இழுத்து அளவைக் குழப்பும். மீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு புரோபை பஸ்ஸின் மைனஸிலும் சிவப்பை யு, வி, டபிள்யூ என்று ஒவ்வொன்றிலும் வையுங்கள். பஸ் சுமார் 325 வோல்ட், ஆரோக்கியமான ஃபேஸ் அதில் பாதி, 160ஐ ஒட்டிக் காட்டும். (சில டிரைவ்கள் ஆன்-ஆஃப் செய்யும் முறையில் சரிபாதி வராது, ஆனால் மூன்றும் சமமாக இருக்கும்.) டபிள்யூ பூஜ்யத்தருகே நின்றால் மேல் ஐஜிபிடி (ஃபேஸைப் பிளஸ்ஸோடு இணைப்பது) ஆன் ஆகவில்லை; 325 அருகே நின்றால் கீழ் ஐஜிபிடி (மைனஸோடு இணைப்பது).

பல சிறிய டிரைவ்களில் மைனஸ் டெர்மினலில் வெளியே வராது. அப்போது பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ் காலில்தான் எடுக்க வேண்டும். அங்கே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கிறது. பவரை அணைத்து, பஸ் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை அளந்து உறுதிசெய்த பிறகே கிளிப்பை மாட்டுங்கள். பிறகு பவர் கொடுத்து, கையை உள்ளே விடாமல் அளவை மட்டும் படியுங்கள்.

கேட்டவர்

பஸ் 326. யு 162, வி 161, டபிள்யூ 2. பவர் இல்லாமல் டயோட் டெஸ்டும் பார்த்தாயிற்று: ஆறு டயோடும் 0.38 முதல் 0.41 வரை, எதிர்த்திசையில் ஓபன்.

பதில் 2

மேல் பக்க டபிள்யூ ஆன் ஆகவில்லை என்பது உறுதி. டயோட் டெஸ்ட் நன்றாக வந்ததை வைத்து மாட்யூல் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. அது ஐஜிபிடியோடு இணையாக உள்ள டயோடைத்தான் சோதிக்கிறது. ஷார்ட் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. ஷார்ட் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் ஐஜிபிடிக்கு ஆன்-ஆஃப் சிக்னல் கொடுக்கும் கேட் சர்க்யூட்டை முதலில் சந்தேகிப்பேன்.

போர்டில் டிஎல்பி 250 அல்லது ஏ 3120 போன்ற எட்டுக்கால் ஆப்டோகப்ளர்கள் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐசி) ஆறு இருந்தால் வேலை எளிது. மேல் டபிள்யூவுக்கு உரியதில் 8வது காலுக்கும் 5வது காலுக்கும் இடையே சப்ளையை அளந்து, மேல் யுவோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக 15 வோல்ட் அல்லது அதற்கு மேல். ஏ 3120 சுமார் 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே அவுட்புட்டை நிறுத்திக்கொள்ளும். அப்படிக் குறைந்திருந்தால் அந்தச் சப்ளையின் சிறு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் டயோடும்தான் குற்றவாளிகள். சூட்டில் வருடக்கணக்கில் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோவது இந்த டிரைவ்களில் மிகச் சாதாரணம்.

சப்ளை சரி என்றால், ஓடும்போது 2, 3 கால்களுக்கு இடையே டிசி பாருங்கள். சராசரியாக 0.7 வோல்ட் போல, மற்ற ஃபேஸ்களுக்குச் சமமாக வர வேண்டும். வந்தும் 6வது காலில் அசைவு இல்லையென்றால் ஆப்டோ போய்விட்டது. 6வது காலில் அசைவு இருந்தும் டபிள்யூ நிற்கிறது என்றால், பவரை அணைத்துக் கேட் ரெசிஸ்டரை அளக்கவும், ஓபனாக இருக்கலாம். அதுவும் சரி என்றால்தான் மாட்யூல்.

கேட் டிரைவர் மாட்யூலுக்கு உள்ளேயே இருக்கும் வகை என்றால், வெளியே சோதிக்க பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரும் (மேல் ஐஜிபிடியின் கேட்டுக்குச் சப்ளை தருவது) உள்ளே போகும் சிக்னலும்தான் மிஞ்சும்.

ஆஸிலோஸ்கோப் வைத்திருந்தால் அதன் எர்த் கிளிப்பை இங்கே எங்கும் மாட்டாதீர்கள். மெயின்ஸ் வழியாக ஷார்ட் ஆகி நல்ல ஃபேஸ்களும் போய்விடும். டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் மோட்டாரை இவ்வளவு சீக்கிரம் விடுவித்துவிட வேண்டாம். மேல் ஐஜிபிடி இல்லாத ஃபேஸில் கரண்ட் ஒரே திசையில்தான் போகும், அதாவது வைண்டிங்கில் டிசி ஓடியிருக்கிறது. உறுமல் அதனால்தான். வயர்களை டிரைவிலிருந்து முழுக்கக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் டெஸ்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 100 மெகாஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஓரிரு மெகாஓம் என்றால் ஸ்பிண்டில் ப்ளக்கில் கூலன்ட் ஈரம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். டிரைவ் இணைந்திருக்கும்போது மெக்கர் அடித்தால் மாட்யூல் போய்விடக்கூடும்.

ரிப்பேர் முடிந்ததும் நேரே ஸ்பிண்டிலை மாட்டாதீர்கள். முதல் பவர் இன்புட்டில் சீரிஸாக 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போகட்டும். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். பிறகு அதை எடுத்துவிட்டு அவுட்புட்டில் ஒரே மாதிரி மூன்று 60 வாட் குண்டு பல்புகளை ஸ்டாரில் (மூன்றின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து) இணைத்து 400 ஹெர்ட்ஸ் வரை ஏற்றுங்கள். மூன்றும் ஒரே பிரகாசத்தில் எரிய வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. கால் மணி நேரம் ஓடட்டும், ஏனென்றால் பழைய கெப்பாசிட்டர் கோளாறு சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அதற்குப் பிறகு தண்ணீர் ஓட்டத்தை உறுதிசெய்து, ஆக்சிலரேஷன் நேரம் 10 நொடிக்கு மேல் வைத்து ஸ்பிண்டிலை மாட்டி, மூன்று வயரிலும் கிளாம்ப் மீட்டரில் கரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.