ஹோலோகிராமில் கறுப்புப் பட்டை: மேசையா, லேசரா?

மூலைவீட்டுக்காரி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் கராஜில் ஹோலோகிராம், அதாவது லேசர் ஒளியால் பதியும் முப்பரிமாணப் படம், எடுத்துக்கொண்டிருக்கிறோம். 5 மில்லிவாட் சிவப்பு டயோடு லேசர். முன்னால் இருந்த லென்ஸைக் கழற்றிவிட்டதால் ஒளி தானாகவே விரிந்து விழுகிறது. படம் பதிவது மருந்தில் கழுவ வேண்டாத, ஒளி பட்டால் தானே பதியும் வகைத் தட்டில். காவடிக்கு வாங்கிய சின்னப் பித்தளை வேலையும், பக்கத்தில் குடு மான் போட்ட 2 ராண்ட் காசையும் வைத்தோம்.

காசு அட்டகாசமாக வந்திருக்கிறது, மானின் கொம்பு முறுக்குகூடத் தெரிகிறது. வேல்தான் சிக்கல். அடிப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது, மேலே போகப் போக மங்கி, குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. கராஜ் சாலையை ஒட்டியது. மினிபஸ் டாக்சி பாட்டைப் போட்டுக்கொண்டு போனால் தகரக் கதவே கூடப் பாடும். கூரையில் குரங்குகள் வேறு. எனக்கு மேசைதான் ஆடுகிறதோ என்று சந்தேகம், வீட்டுக்காரரோ லேசரை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

லெனேசியா பையன்

லேசரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன் அக்கா. மாற்றுவதானாலும் மலிவான பச்சை பாயிண்டர் பக்கம் போகாதீர்கள். பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும், ஒளியும் நிலையாக இருக்காது. 5 மில்லிவாட் சிவப்புக்கே பாப்பாவைக் குனிந்து டயோடுக்குள் பார்க்க விடாதீர்கள்.

பழைய ஃபிட்டர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தங்கச்சி, லேசருக்குக் காசு செலவழிக்காதே. உன் படமே பதிலைச் சொல்லிவிட்டது.

நீ எடுப்பது சோவியத் இயற்பியலாளர் யூரி டெனிஸ்யுக் 1962இல் காட்டிய முறை. ஒரே கற்றை தட்டுக்குள் புகுந்து, பொருளில் பட்டு, திரும்பி வந்து தன்னையே சந்திக்கிறது. அந்தச் சந்திப்பில் உண்டாகும் கோடுகளைத்தான் தட்டு பிடித்துக்கொள்கிறது. கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.2 மைக்ரான் அளவுதான். பதியும் நேரத்துக்குள் பொருள் லேசர் ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 65 நானோமீட்டர், நகர்ந்தாலே படம் மங்க ஆரம்பிக்கும். மருந்தில் கழுவுகிற வெள்ளி உப்புத் தட்டென்றால் சில நொடியில் வேலை முடியும். உன் வகைத் தட்டுக்கு நிமிடக்கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் எல்லாம் செத்த மாதிரி கிடக்க வேண்டும்.

லேசர் தடுமாறினால் பட்டை வேறு மாதிரி விழும். தட்டிலிருந்து ஒரே ஆழத்தில் இருக்கிற இடமெல்லாம் சேர்ந்து கறுக்கும். உனக்கு அடி தெளிவு, நுனி மங்கல். வேல் மெதுவாகச் சாய்ந்திருக்கிறது. டாக்சியும் காரணமில்லை. அது ஆட்டினால் காசும் சேர்ந்து கெட்டிருக்கும்.

வேலை எதில் நட்டாய்?

மூலைவீட்டுக்காரி

அண்ணே, சுவரில் படம் ஒட்டுகிற அந்த நீலப் பசைக் களிமண்ணில்தான். கையால் அசைத்துப் பார்த்தால் கல்லு மாதிரி நிற்கிறது. காசை, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிற தரை ஓட்டில் சூப்பர் க்ளூவால் ஒட்டினோம்.

பழைய ஃபிட்டர்

அதேதான். கைக்குக் கல்லாகத் தெரிவது ஒளிக்குக் கூழ். அந்தக் களிமண் அழுத்தி வைத்த பிறகும் வெகுநேரம் அடங்கிக்கொண்டே இருக்கும். டர்பன் வெயிலில் கேட்கவே வேண்டாம். வேலின் அடியையும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டு. கோயிலுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டிய வேலென்றால் ஒரு கனமான இரும்புத் துண்டில் திருகு வைத்துப் பிடி. அதைவிட நல்லது, வேலைப் படுக்கப்போட்டு அதன் மேலேயே தட்டை வைப்பது. தட்டும் பொருளும் ஒன்றாகிவிடும், ஆடினாலும் சேர்ந்தே ஆடும்.

அப்புறம் அவசரப்படாதே. தட்டை வைத்ததும் உன் கைச்சூடு அதில் இருக்கும். பத்து நிமிடம் விட்டுவிடு. லேசரும் அதுவரை எரிந்து சூடேறி நிலைக்கட்டும், கறுப்பு அட்டை அதை மறைத்து நிற்கட்டும். அட்டையை எடுக்கும்போது முதலில் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கு, ஒளியை மறைத்தபடியே பிடித்திரு, அந்த அதிர்வு அடங்கியதும் முழுதாக எடு. யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது, மின்விசிறி கூடாது. லேசர் பெரிய பேட்டரியில் ஓடட்டும்.

டாக்சி இந்த முறை கெடுக்கவில்லை, இனிக் கெடுத்தால் அதற்கு மருந்து: விடியற்காலம். ஓட்டுக்கு அடியில் பாதி காற்றடைத்த சைக்கிள் டியூப். லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில் ஊரே திட்டும், எனக்கோ கொண்டாட்டம். ஃபிரிட்ஜ் நின்றுவிடும், தெருவே அடங்கிவிடும். பக்கத்து வீட்டார் ஜெனரேட்டர் வாங்கினார்கள், அந்தச் சுகமும் போயிற்று. குரங்குக்கு மட்டும் எனக்கு வழி தெரியாது.

மூலைவீட்டுக்காரி

நன்றி அண்ணே. களிமண்ணுக்கு விடை கொடுத்தாயிற்று. இன்னொன்று: பள்ளி மண்டபத்தில் முழுக்க ட்யூப் லைட். அதில் படம் தெரியுமா?

பழைய ஃபிட்டர்

தெரியாது, கரைந்துவிடும். ட்யூப் லைட் பல பக்கத்திலிருந்து ஒளி விடுவதால் பல படம் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒற்றைப் புள்ளி ஒளி வேண்டும். சின்ன எல்.இ.டி. ஸ்பாட் விளக்கோ போன் டார்ச்சோ போதும். லேசர் எந்தச் சாய்வில் தட்டில் விழுந்ததோ அதே சாய்வில் கட்டிவிடு, பின்னால் ஒரு கறுப்புத் துணி. மேலே அட்டைப் பெட்டியால் கூரை போட்டு மண்டப வெளிச்சத்தை மறைத்தால் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள்.