வனவிலங்கு மருத்துவத்தில் நேரடிப் பயிற்சி: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

மூத்த மருத்துவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில் பணிபுரிகிறேன். கடந்த மாதம் கிணற்றில் விழுந்த புள்ளிமான் ஒன்றை வலைபோட்டு மீட்டுக் கொண்டுவந்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் உடல் வெப்பம் 107 பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது, மறுநாள் காபி நிறத்தில் சிறுநீர் கழித்துவிட்டு இறந்துபோனது. அச்சத்திலும் திமிறலிலும் தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பாழாக்கும் என்பதைத் தேர்வில் எழுதியவன்தான் நான். ஆனாலும் கண்ணைத் துணியால் கட்டி, கூட்டத்தை விலக்கி, உடனே உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. அந்த மானின் கண்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன.

ஆகவே, மயக்க ஊசித் துப்பாக்கியைக் கையாளுவது, எடையைக் கண்ணால் மதிப்பிட்டு சைலசின், கீட்டமின் ஆகிய மயக்க மருந்துகளின் அளவைக் கணக்கிடுவது, மயங்கிய விலங்கின் மூச்சைக் கவனிப்பது, சைலசினின் விளைவை முறிக்கும் யோஹிம்பின் கொடுத்து எழுப்புவது ஆகியவற்றை அனுபவமுள்ள ஒருவரின் அருகில் நின்று இரண்டு வாரமாவது கற்க விரும்புகிறேன். வண்டலூர் உயிரியல் பூங்காவிலோ தெப்பக்காடு யானைகள் முகாமிலோ, பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு அப்படியொரு வாய்ப்பு கிடைக்குமா, விண்ணப்பத்தை யார் வழியாக அனுப்ப வேண்டும் என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். கால்நடை மருத்துவ இறுதியாண்டு மாணவிகள் இருவர் என்னுடன் வரத் தயாராக உள்ளனர்.