லீவு முடிந்து வந்து 19 நாளில் வேலையை விட்டேன், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்

காவிரிக்கரை:
வணக்கம். டாலஸில் வேலை பார்த்தேன். பிப்ரவரியில் தஞ்சாவூரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எஃப்எம்எல்ஏ விடுப்பில், அதாவது வீட்டில் யாருக்காவது கடுமையான நோய் என்றால் வேலை போகாமல் எடுக்க அமெரிக்கச் சட்டம் தரும் விடுப்பில், 12 வாரம் ஊரில் இருந்தேன். முதல் 3 வாரம் சேர்த்து வைத்திருந்த சம்பள லீவு, மீதி 9 வாரம் சம்பளம் கிடையாது. ஏப்ரல் 28 வேலைக்குத் திரும்பினேன். மே 15 ராத்திரி அப்பாவுக்கு இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை பேச்சும் போய்விட்டது. அம்மாவால் அவரைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இப்போது கம்பெனியிலிருந்து டாலஸ் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. கணவர் போட்டோ எடுத்து அனுப்பினார். லீவில் இருந்தபோது என் மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் கம்பெனி கட்டிய பங்கு மாதம் 1,380 டாலர், மூன்று மாதத்துக்கு 4,140. மார்ச், ஏப்ரலில் நான் கட்டாமல் விட்ட என் பங்கு 424. மொத்தம் 4,564. கடைசிச் சம்பளத்தில் 900 ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். பாக்கி 3,664-ஐ 30 நாளில் கட்டச் சொல்கிறார்கள். காரணம், திரும்பி வந்து 30 நாள் நான் வேலை பார்க்கவில்லையாம். மருத்துவக் காரணம் என்றால் 30 நாளுக்குள் சான்றிதழ் தரலாம் என்று இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 18 நாள் போய்விட்டது. கட்டித்தான் ஆகவேண்டுமா?

பொருநை:
எங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. பிரசவ லீவு முடிந்ததும் மனைவி வேலைக்குப் போகவில்லை. குழந்தை நல்ல ஆரோக்கியமாக இருந்தாள், அவளோடு வீட்டில் இருக்கவேண்டும் என்று நாங்களாக எடுத்த முடிவு. விசாரித்ததில் கம்பெனி கேட்டது சரி என்றுதான் சொன்னார்கள். தவணை கேட்டோம், மூன்று மாதத்தில் கட்டி முடித்தோம். நீங்களும் தவணை கேட்டுப் பாருங்கள்.

மல்லிகைப்பந்தல்:
காவிரிக்கரை, அவசரப்பட்டு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்மா. பதினோரு வருஷமாக ஒரு கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பிரிவில் இதே வேலை பார்க்கிறேன். பொருநை தம்பி வீட்டுக் கதை வேறு, உங்களுடையது வேறு.

சம்பளமில்லாத எஃப்எம்எல்ஏ விடுப்புக்குப் பிறகு ஒருவர் திரும்பாவிட்டால், அல்லது திரும்பி 30 காலண்டர் நாள் ஆவதற்குள் விட்டுப் போனால், கம்பெனி தன் பங்கைத் திருப்பிக் கேட்கலாம். அதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் வேலையை விட்டதற்குக் காரணம் உங்களுக்கோ, உங்கள் தாய், தந்தை, துணை, பிள்ளைக்கோ கடுமையான நோய் தொடர்வதோ, திரும்ப வருவதோ, புதிதாக வருவதோ என்றால் கேட்க முடியாது. உங்கள் கைமீறிய வேறு சில காரணங்களுக்கும் விலக்கு உண்டு. குழந்தை கடுமையான நோயோடு பிறந்து தாய் வீட்டில் இருந்துவிட்டால்கூடக் கேட்கக்கூடாது. ஆரோக்கியமான குழந்தை என்றால் அந்த விலக்கு இல்லை. அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்பில் இதற்கான விதி எண் 29 சிஎஃப்ஆர் 825.213, கடிதத்தில் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு இரண்டாம் முறை வந்தது விதியில் இருக்கிற காரணமேதான். ஆனால் சான்றிதழ் அந்த 30 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் சம்பளமில்லாத காலத்துக்கு அவர்கள் கட்டிய முழுத் தொகையையும் கேட்கலாம். நான் பார்த்தவரை நியாயம் பக்கத்தில் இருந்தும் ஆட்கள் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். மனம் ஒடிந்து கிடக்கும்போது காகிதம் பார்க்கத் தோன்றாது. எனக்குத் தெரியும், ஆனாலும் இன்றே பாருங்கள்.

தஞ்சாவூர் டாக்டர் கொடுப்பது செல்லுமா என்று யோசிக்க வேண்டாம். நோயாளி வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டு மருத்துவர் தரும் சான்றை ஏற்கவேண்டும். ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. முதல் 3 வாரம் சம்பள லீவு என்றீர்களே, அந்த நாட்களுக்கு எந்த நிலையிலும் கம்பெனி தன் பங்கைக் கேட்க முடியாது. அதையும் சேர்த்துத்தான் 4,140 போட்டிருக்கிறார்கள். உங்கள் பங்கு 424 மட்டும் நீங்கள் தரவேண்டியதுதான், அதை மறுக்காதீர்கள். 900 பிடித்த விஷயம்: டாலஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் எழுத்துமூலமான உங்கள் சம்மதம் இல்லாமல் இப்படிப் பிடிக்கக்கூடாது. லீவுக்கு முன்னால் ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். போடவில்லை என்றால் சம்பளப் புகார்களைப் பார்க்கும் மாநில அமைப்பான டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் 180 நாளுக்குள் புகார் தரலாம்.

வெண்பனி:
நடுவில் கேட்கிறேன், மன்னியுங்கள். மாமியாருக்காக வேலையை விட்டாலும் இது பொருந்துமா அக்கா?

மல்லிகைப்பந்தல்:
வெண்பனி, எஃப்எம்எல்ஏ சட்டத்தில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள லீவு இல்லை. ஆனால் வேறு காரணத்துக்கு லீவில் இருக்கும்போது மாமியாருக்குக் கடுமையான நோய் வந்து, நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்பதால் திரும்ப முடியவில்லை என்றால், அதைக் கைமீறிய காரணமாக எடுத்துக்கொள்வார்கள். லீவில் இருக்கும்போது கம்பெனியே உங்களை லேஆஃப் செய்தாலும், உங்கள் கணவருக்கு எதிர்பாராமல் 75 மைலுக்கு அப்பால் மாற்றல் வந்தாலும் அப்படியே.

காவிரிக்கரை:
அக்கா, உங்கள் பதிலைப் படித்த அன்று சாயங்காலமே நியூராலஜி டாக்டரிடம் போய் நின்றேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. அதைக் காட்டியதும் தன் லெட்டர்ஹெட்டில் புதிதாக எழுதி, இரண்டு தடவை வந்த தேதியையும் போட்டு, 'தொடர்ந்து உடனிருந்து கவனிக்க ஆள் தேவை' என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுத்தார். விதி எண்ணோடு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். கணவர் அங்கிருந்து சர்ட்டிஃபைட் மெயிலிலும் போட்டார். அது 23-ஆம் நாள். பிடித்தத்துக்கு நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் எழுதினேன்.

மூன்று வாரம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு பக்கக் கடிதம் வந்தது. 4,140-ஐ நீக்கிவிட்டார்கள். பிடித்த 900-இல் என் பாக்கி 424-ஐக் கழித்துக்கொண்டு 476 டாலருக்குக் காசோலை அனுப்பியிருக்கிறார்கள். நேற்று கணவர் பேங்கில் போட்டுவிட்டார்.

அப்பா இன்று காலையில் இடது கையால் சட்டைப் பொத்தானைத் தானே ஒன்று போட்டார். இரண்டாவதுக்கு என்னைப் பார்த்தார்.