கல்லாவில் இருந்தவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்

மருதாணி:
தங்கையின் நிச்சயத்துக்குப் பட்டு எடுக்கப் போன கடையைப் பற்றி எழுதுகிறேன். அந்த மாதிரிக் கடைகளை எல்லோரும் அறிவீர்கள். நூற்புடவையும் ரப்பர் செருப்புமாக வந்திருந்த அம்மா, அரக்கு நிறப் புடவை ஒன்றின் முந்தானையை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்தபோது, விற்பனையாளர் "இது பதினெட்டாயிரம், உங்களுக்குக் கீழே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே அதை அம்மாவின் விரல்களிலிருந்து உருவி மடித்துவிட்டார். பத்தடி தள்ளிக் கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பிறகு பில்லைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கிழக்குத்தெரு:
மருதாணி அவர்களின் அம்மா நல்ல புடவை கட்டிப் போயிருந்தால் தப்பியிருக்கலாம். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டதாக எங்கள் ஊரில் பெருமை பேசுவார்கள். பெஞ்சில் இருந்த நால்வருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ ஆற்றிக் கொடுத்த மாஸ்டர், என் முறை வந்ததும் காகிதக் கப்பை எடுத்தார். டம்ளர் கேட்டேன், எல்லாம் கழுவப் போட்டிருப்பதாகச் சொன்னார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே ஐந்தாறு டம்ளர்கள் நீர் சொட்டக் கவிழ்ந்திருந்தன. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மாஸ்டர் வெளியூர், அவருக்கு ஒன்றும் தெரியாது" என்றார். வெளியூர்க்காரருக்கு நான் எந்தத் தெரு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இனிப்புக்கடைக்காரன்:
2023 மார்ச்சில், டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னைத் திரையரங்கு ஒன்றில் ஊழியர் தடுத்த காணொளியைப் பார்த்து நானும் கொதித்தவன்தான். சில மாதங்கள் கழித்து, காணாமற்போன ஒரு பையைத் தேடி என் கடையின் கேமராப் பதிவை ஓட்டியபோது, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நரிக்குறவப் பெண் ஒருவர் நூறு ரூபாய் நோட்டை நீட்டிக் காட்டியும், வாட்ச்மேன் அவரைப் படியேற விடாமல் நிறுத்தியிருந்தது தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள்தானே சார், கண்டவர்களை உள்ளே விடாதே என்றீர்கள்?" என்றார்.

மருதாணி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விற்பனைக்கேற்பக் கமிஷன் கொடுக்கும் கடையில், வருகிறவரின் செருப்பைப் பார்த்து எடை போடும் பழக்கம் தானாக வந்துவிடும். வாடிக்கையாளர்களை ஊழியர்களுக்கு முறைவைத்துப் பிரித்துவிட்டால் அது பெரும்பாலும் அடங்கும். கிழக்குத்தெருத் தம்பி வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கலாம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் உணவகப் பாத்திரத்தை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 14ஆம் பிரிவின்படி, குற்றம் செய்தது நிறுவனமோ கூட்டு வணிகமோ ஆனால், அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளியே. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனமெல்லாம் எடுத்ததாகவோ அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். நான் வாட்ச்மேனுக்குச் சொன்ன வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் மெய்ப்பித்திருக்க முடியாது. இப்போது யாரைத் தடுக்க வேண்டும் என்பதை விட்டு, யாரையும் தடுக்கும் முன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று மாற்றியிருக்கிறேன்.

கிழக்குத்தெரு:
தெரியாது என்று சொன்னால் தப்பலாம் என்பதை எங்கள் ஊர்க் கடைக்காரர் சட்டம் படிக்காமலே கற்று வைத்திருக்கிறார், ஐயா.

மருதாணி:
கமிஷனைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த முதலாளி கமிஷனுக்காகக் குனியவில்லை. தங்கைக்கு வேறு கடையில் எடுத்தோம். அங்கே மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனாலும் அம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "நீ தொட்டுப் பார்த்துச் சொல்லு" என்றார்.